முதோனிக்கு இரண்டும் வேண்டியிருந்தது

ஹோனியா ஆற்றில் தண்ணீர் எடுக்க வந்த அக்காவும் தங்கையும் பேசிக்கொள்கிறார்கள். தங்கை முதோனிக்குக் கொஞ்ச காலமாகச் சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் பிடிக்கவில்லை. மனதுக்குள் போட்டு உழற்றிக்கொண்டிருந்ததைக் கடைசியில் அக்கா நியாம்புராவிடம் சொல்லிவிடுகிறாள்: தனக்கு விருத்தசேதனம் செய்துகொள்ள வேண்டும். அக்கா அரண்டுபோகிறாள். அவர்களுடைய அப்பா ஜோஷுவா அந்த வட்டாரத்திலேயே பெயர் பெற்ற பிரசங்கியார். பிறப்புறுப்பை வெட்டும் அந்தச் சடங்கைப் பெண்களுக்குச் செய்வது கிறிஸ்தவ மிஷனுக்கு ஆகாது. ஜோஷுவாவுக்கு அது பாவங்களிலெல்லாம் பெரிய பாவம். நீ கிறிஸ்தவப் பிள்ளை ஆயிற்றே என்று நியாம்புரா பதறுகிறாள். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அந்தச் சடங்கு நடந்திருக்கிறது, அவர்கள் கிறிஸ்தவர்களாக இருப்பதை அது தடுத்ததா என்று முதோனி திருப்பிக் கேட்கிறாள். வெள்ளைக்காரரின் விசுவாசத்தை அவளும் ஏற்றுக்கொண்டவள்தான். தன் இனத்தின் முறைப்படி பெண்ணாக ஆவதும் அவளுக்கு அழகாகத் தெரிகிறது.

கென்ய எழுத்தாளர் கூகி வா தியாங்கோவின் 'இடையில் ஓடும் நதி' 1965-இல் வெளிவந்தது. கல்லூரியில் இந்த நாவலைப் பாடமாக நடத்தியிருக்கிறேன். தேர்வில் தவறாமல் வரும் கேள்வி, கிறிஸ்தவத்துக்கும் கென்யாவின் கிகுயு இன மரபுக்கும் உள்ள முரண்பாட்டை விவரி என்பதுதான். மாணவர்கள் பக்கத்தை இரண்டாகப் பிரித்து இந்தப் பக்கம் ஜோஷுவா, அந்தப் பக்கம் மரபைக் காக்கும் செகே, நடுவில் பாவம் அவர் மகன் வையாகி என்று எழுதித் தருவார்கள். மதிப்பெண்ணும் போட்டுவிடலாம். ஆனால் அந்தப் பதிலில் முதோனிக்கு இடமே கிடைப்பதில்லை. சடங்கில் ஏற்பட்ட புண் ஆறாமல் இறந்துபோகும் ஒரு பெண், கதையைத் தொடங்கிவைக்கும் ஒரு சாவு, அவ்வளவுதான். இந்த நாவலில் முழுமையான விசுவாசி அவள் ஒருத்திதான் என்று நான் நினைக்கிறேன். அதனால்தான் இந்தக் கட்டுரை.

கதை நடக்கும் இடத்தைக் கொஞ்சம் பார்ப்போம். கமேனோ, மகுயு என்று இரண்டு மலைமுகடுகள் எதிரும் புதிருமாகக் கிடக்கின்றன. நடுவில் வற்றாத ஹோனியா. இரண்டு முகடுகளுக்கும் மூத்தது யார் என்பதில் மிஷன் வருவதற்கு வெகு காலம் முன்பே வழக்கு இருந்தது. கடவுள் முருங்கு ஆதி மனிதன் கிகுயுவையும் அவன் மனைவி மும்பியையும் கூட்டிக்கொண்டு எங்கள் மலையில்தான் நின்றார் என்று ஆளாளுக்குச் சொந்தம் கொண்டாடினார்கள். பிறகு மகுயுவில் ஜோஷுவாவின் தகரக்கூரை வீடு எழுகிறது. கமேனோ பழைய முறையின் கோட்டையாகிறது. பிளவு பழையது, அதற்குப் புதிய பெயர்கள் கிடைத்தன என்று கூகி முதல் பக்கங்களிலேயே காட்டிவிடுகிறார்.

கிகுயுக்களின் பழைய நம்பிக்கையை அஞ்ஞானம் என்ற ஒரே வார்த்தையில் மிஷன் மூடிவைத்தது. ஆனால் அவர்களுக்கும் ஒரே கடவுள்தான். ஙாய் என்றும் முருங்கு என்றும் அழைத்தார்கள். கென்யா மலை என்று ஆங்கிலேயர் சொல்லும் கெரின்யாகாதான் அவருடைய இருப்பிடம். அந்தத் திசை பார்த்து வேண்டிக்கொள்வார்கள். முகுமோ எனப்படும் பெரிய அத்தி மரத்தடியில் ஆட்டுக்குட்டி பலி கொடுப்பார்கள். அந்த மரத்தை யாரும் வெட்டத் துணிய மாட்டார்கள். முன்னோரின் ஆவிகள் நிலத்தோடும் வீட்டோடும் கூடவே இருந்தன. எதையாவது மீறினால் தஹு என்னும் தீட்டு பற்றும். அதைக் கழிக்க முறைகள் உண்டு. மிஷன்காரர்கள் பைபிளைக் கிகுயு மொழியில் கொண்டுவந்தபோது கர்த்தருக்கு வைத்த பெயரும் அதே ஙாய்தான். பெயரை எடுத்துக்கொண்டு, அந்தப் பெயரைச் சொல்லிக் கும்பிட்டவர்களின் சடங்குகளைச் சாத்தானின் வேலை என்றார்கள்.

அந்தச் சடங்குகளில் தலையானது இருவா எனப்படும் விருத்தசேதனம். ஆண், பெண் இருபாலருக்கும் உண்டு. ஒரே பருவத்தில் இருவா முடித்தவர்கள் ஒரு வயதுக்குழுவாகச் சேர்கிறார்கள். அந்த உறவு சாகும்வரை நீடிக்கும். இருவா ஆகாதவர் எத்தனை வயதானாலும் வளர்ந்தவர் கணக்கில் சேர்வதில்லை. கல்யாணம், ஊர் விவகாரத்தில் குரல், சடங்குகளில் இடம் எல்லாம் அதற்குப் பிறகுதான். வையாகியின் இருவாவை கூகி எழுதியிருக்கும் விதம் மறக்க முடியாதது. விடிகாலையில் ஹோனியாவின் குளிர்ந்த தண்ணீரில் இறங்கி உடல் மரத்துப்போக நிற்கிறான். பிறகு கத்தி. ரத்தம் மண்ணில் சொட்டுகிறது. அந்தச் சொட்டுகளோடு அவனுக்கும் அந்த மண்ணுக்கும் ஓர் ஒப்பந்தம் முடிந்துவிடுகிறது. முதோனிக்கு வேண்டியிருந்தது இதுதான்: இந்த மண்ணோடு ஓர் ஒப்பந்தம்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஆண்களுக்குச் செய்வதும் பெண்களுக்குச் செய்வதும் ஒன்றல்ல. பெண்ணுக்குச் செய்வது உறுப்பையே வெட்டி எடுப்பது. ரத்தப்போக்கு, சீழ், பிற்காலத்தில் பிரசவச் சிக்கல் என்று அதன் விளைவுகள் ஆயுள் முழுக்கத் தொடரக்கூடியவை. மிஷன் மருத்துவர்கள் அதை எதிர்த்ததற்கு அவர்கள் கண்ணால் பார்த்த காரணங்கள் இருந்தன. அந்தச் சடங்கு நின்றுபோக வேண்டும் என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. முதோனியின் ஆசையை மதிப்பதும் அந்தக் கத்தியை வெறுப்பதும் ஒரே வாசகிக்குள் நடக்க வேண்டியிருக்கிறது. இந்த நாவல் இத்தனை ஆண்டுகளாக என்னை விடாமல் பிடித்துவைத்திருப்பது இதனால்தான்.

நாவல் ஆண்டு எதையும் குறிப்பிடுவதில்லை. ஆனால் அதன் அடியில் கிடப்பது 1929. அந்த ஆண்டில் கிகுயு நாட்டின் புராட்டஸ்டன்ட் மிஷன்கள் சில பெண் விருத்தசேதனத்துக்கு எதிராக உறுதியாக நின்றன. தோகோடோவில் இருந்த ஸ்காட்லாந்துச் சபை மிஷனின் டாக்டர் ஜான் ஆர்தர்தான் இதை முன்னின்று நடத்தினார். கிஜாபேயில் இருந்த ஆப்பிரிக்க உள்நாட்டு மிஷனும் சேர்ந்துகொண்டது. சபையின் மூப்பர்களும் ஆசிரியர்களும் ஓர் உறுதிமொழியில் ஒப்பமிட வேண்டும் அல்லது கைநாட்டு வைக்க வேண்டும். சடங்கைக் கைவிடுவதோடு, நில உரிமைக்காகப் போராடிக்கொண்டிருந்த கிகுயு மத்தியச் சங்கத்தையும் விட்டு விலக வேண்டும் என்றது ஸ்காட்லாந்துச் சபை. மறுத்தவர்களுக்குச் சபையில் இடமில்லை. அவர்கள் பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடமில்லை. ஒரு பெண்ணின் உடலைக் காப்பதற்கான கட்டளையும் ஓர் அரசியல் சங்கத்தை ஒடுக்குவதற்கான கட்டளையும் ஒரே தாளில் எழுதப்பட்டால் அதைப் படிப்பவன் என்ன நினைப்பான்? நிலத்தை எடுத்தவர்கள், குடிசை வரி போட்டவர்கள், ஆண்களின் கழுத்தில் கிபாண்டே என்ற அடையாள அட்டையைத் தொங்கவிட்டவர்கள், இப்போது நம் பெண்கள் பக்கமும் வந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தான்.

கைநாட்டு வைத்தவர்களுக்குக் கிரோரே என்று பெயர் விழுந்தது. எதிர்த்தரப்பு தன்னைக் கரிஙா என்று சொல்லிக்கொண்டது. கலப்பற்ற கிகுயு என்று பொருள். மிஷன்காரர்களையும் அரசு அதிகாரிகளையும் பெயர் சொல்லித் திட்டும் முதிரிகு என்ற பாட்டும் ஆட்டமும் மலைக்கு மலை பரவியது. 1930-இன் தொடக்கத்தில் அரசு அதைத் தடைசெய்தது. அந்த ஆண்டு ஜனவரியில் கிஜாபேயில் ஹுல்டா ஸ்டம்ப் என்ற வயதான அமெரிக்க மிஷனரிப் பெண்மணி தன் வீட்டில் கொலைசெய்யப்பட்டார். சபைகளை விட்டு மக்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். பைபிளை விட்டுவிட்டுப் போகவில்லை என்பதுதான் முக்கியம். தங்களுக்கென்று சபைகளையும் பள்ளிகளையும் கட்டிக்கொண்டார்கள். ஆபிரகாமுக்கு விருத்தசேதனம் உண்டு, பல மனைவியர் உண்டு; அவன் விசுவாசிகளின் தகப்பன், நாங்கள் மட்டும் அஞ்ஞானிகளா என்று அதே புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு கேட்டார்கள். தனிச்சபைகளுக்குக் குருமாரைத் தயார்செய்ய 1935-இல் தென் ஆப்பிரிக்காவிலிருந்து பேராயர் டேனியல் வில்லியம் அலெக்சாண்டர் வந்தார். 1939-இல் கிதுங்குரியில் ஆசிரியர் கல்லூரி எழுந்தது. அதற்கு முந்தைய ஆண்டில் ஜோமோ கென்யாட்டா, ஸ்காட்லாந்து மிஷனில் படித்து ஞானஸ்நானம் பெற்ற அதே கென்யாட்டா, லண்டனில் மலினோவ்ஸ்கியிடம் மானுடவியல் பயின்று எழுதிய தன் நூலில் இருவாவைத் தூக்கிப்பிடித்து ஓர் அத்தியாயமே எழுதினார். ஆக 1929-இல் மோதியவை இரண்டு மதங்கள் என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. ஒரே மிஷன் பள்ளியின் பெஞ்சில் உட்கார்ந்தவர்கள்தான் இரண்டு பக்கமும் நின்றார்கள்.

கூகி இதைத் துல்லியமாகப் பிடித்திருக்கிறார். பழைய முறையில் மட்டும் வளர்ந்த பெரிய பாத்திரம் நாவலில் செகே ஒருவர்தான். அவருக்கு மிஷன்மேல் வெறிபிடித்த பகையில்லை. பட்டாம்பூச்சி போன்ற உடைகளோடு ஒரு கூட்டம் வரும் என்று முன்னோர் மூகோ வா கிபிரோ சொன்ன தீர்க்கதரிசனம் அவரிடம் இருக்கிறது. பட்டாம்பூச்சியைக் கத்தியால் வெட்ட முடியாது, அதன் போக்கைக் கற்றுக்கொண்டால்தான் பிடிக்க முடியும் என்பதும் அந்தச் சொல்லோடு சேர்ந்தது. அதனால் மகன் வையாகியைப் புனித மலைக்குக் கூட்டிப்போய் நிலத்தைக் காட்டி, சிரியானா மிஷனுக்குப் போய் வெள்ளைக்காரனின் அறிவையெல்லாம் கற்றுக்கொள், அவன் தீமைகளைத் தொடாதே, உன் மக்களுக்கு உண்மையாக இரு என்று சொல்லி அனுப்புகிறார்.

உண்மையான மோதல் ஜோஷுவாவுக்கும் கபோன்யிக்கும் இடையில். இருவரும் தொடக்க காலத்தில் ஒன்றாக மதம் மாறியவர்கள், ஒன்றாகப் பிரசங்கித்தவர்கள். முதோனியின் சாவுக்குப் பிறகு கபோன்யி பிரிந்துபோய் மரபின் காவலனாகிறான். ஜோஷுவாவின் கையில் பரிசுத்தம். கபோன்யியின் கையில் இனத்தூய்மை. பேசும் வார்த்தைகள் வேறு, பேசும் தொனி ஒன்று. இருவருக்கும் உள்ளே யார், வெளியே யார் என்பதுதான் எப்போதும் கவலை. கபோன்யி வலுப்படுத்தும் கியாமா பழைய ஊர்ப்பெரியவர் அவையின் பெயரில் இயங்குகிறது. ஆனால் சத்தியப்பிரமாணம் வாங்குவதும், தீட்டுப்பட்டவர்களைத் தேடிப்பிடிப்பதும், தவறியவனைச் சபைமுன் நிறுத்தி விசாரிப்பதும் அவன் எங்கே கற்றது? மரபிலும் உறுதிமொழிகள் இருந்தன, மறுக்கவில்லை. ஆனாலும் கபோன்யியின் ஆவேசத்தில் மனந்திரும்புதல் கூட்டத்துப் பிரசங்கத்தின் வாடை எனக்கு அடிக்கிறது. சபையிலிருந்து வெளியேறினாலும் சபை நீக்கம் செய்யும் பழக்கம் அவனைவிட்டு வெளியேறவில்லை.

ஜோஷுவாவை வெறும் வில்லனாக வாசிக்கும் மாணவர்களிடம் ஓர் இடத்தைக் காட்டுவேன். விருத்தசேதனம் ஆன ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டதற்காக அவர் கடவுளிடம் மன்னிப்புக் கேட்கிறார். மிரியாமு அவரோடு வாழ்கிறாள், சமைத்துப்போடுகிறாள், இரண்டு பிள்ளைகளைப் பெற்றிருக்கிறாள். அவளுடைய உடல் அவர் கணக்கில் ஒரு பாவத்தின் தழும்பு. தன் கடந்த காலம் முழுவதையும் அருவருக்கக் கற்றுக்கொண்ட மனிதர் அவர். இளமையில் மலையை விட்டு ஓடி சிரியானாவில் அடைக்கலம் புகுந்தவருக்கு அந்தப் புதிய கடவுள் உண்மையிலேயே ஒரு துணிவைக் கொடுத்தார். ஆனால் அந்தத் துணிவு நிற்க, பின்னால் விட்டுவந்தது எல்லாம் இருட்டாக இருந்தே ஆகவேண்டும். அதனால்தான் முதோனி வீட்டைவிட்டுக் கமேனோவில் இருக்கும் அத்தையிடம் போனபோது, திரும்பி வந்தால் எல்லாவற்றையும் மறந்துவிடலாம், வராவிட்டால் அவள் என் மகளே இல்லை என்று நியாம்புராவிடம் சொல்லி அனுப்புகிறார். சாவுச் செய்தி வந்தபோது அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. மகள் அவரைப் பொறுத்தவரை ஏற்கெனவே இல்லாமல் போய்விட்டாள்.

முதோனியின் புண் ஆறுவதில்லை. வையாகியும் சிலரும் அவளைச் சிரியானா மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்கிறார்கள். அங்கே அவள் சாகும்போது வையாகியிடம் சொல்வது: நியாம்புராவிடம் சொல், நான் இயேசுவைப் பார்க்கிறேன். நான் ஒரு பெண், என் இனத்தில் அழகானவள்.

இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில் "ஆனாலும்" என்று ஒரு வார்த்தை இல்லை. அவளுக்கு அந்த வார்த்தை தேவைப்படவில்லை. ஜோஷுவாவோ கபோன்யியோ சிரியானா மிஷனின் லிவிங்ஸ்டன் பாதிரியாரோ அந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லியிருக்கவே முடியாது. அவள் செத்த பிறகு இரண்டு பக்கமும் அந்தச் சாவைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. மிஷனுக்கு அது காட்டுமிராண்டித்தனத்தின் சாட்சி. செகேவுக்கு அது ஜோஷுவாவின் வீட்டுக்கு வந்த தண்டனை, மலைகளுக்கு வந்த எச்சரிக்கை. பெரியவர்களின் இந்தத் தீர்ப்புகளில் அவள் சொன்னதற்கு இடமில்லை. அந்தச் செய்தி நியாம்புராவுக்கென்று சொல்லி அனுப்பப்பட்டது. அதைச் சுமந்துவந்த வையாகிக்கும் அதன் பொருள் பிடிபட வெகு காலம் ஆகிறது.

வையாகியைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். சடங்கைக் கைவிடாதவர்களின் பிள்ளைகளைச் சிரியானா வெளியேற்றியதும் அவன் மரியோஷோனியில் பள்ளி தொடங்குகிறான். மலைகள் அவனை ஆசிரியர் என்று கொண்டாடுகின்றன. கல்வி, கல்வி என்று அவனுக்கு வேறு நினைப்பில்லை. பெற்றோர் கூட்டம் நடக்கிறது. எல்லோரும் அவன் பேச்சில் கட்டுண்டு கிடக்கிறார்கள். இரண்டு முகடுகளையும் இணைப்பதைப் பற்றி அன்று பேச வேண்டும் என்று நினைத்திருந்தான். கைதட்டலில் அதை மறந்துபோகிறான். கூகி இந்த இடத்தை ஒரு சின்ன விஷயம்போல எழுதிக் கடந்துவிடுகிறார். நாவலின் அச்சாணி இதுதான் என்பது என் வாசிப்பு. அன்று அவன் பேசியிருந்தால் கேட்க ஆள் இருந்தது. பிற்பாடு பேச வந்தபோது கூட்டம் கபோன்யியின் கைக்குப் போயிருந்தது. கியாமாவிலிருந்தும் அவன் விலகிவிட்டான். களத்தை எதிராளிக்கு விட்டுக்கொடுத்துவிட்டுப் பள்ளிக்கூடம் கட்டிக்கொண்டிருந்தான்.

முடிவுக்குச் சற்று முன்பாக அவனுக்கு ஒரு தெளிவு வருகிறது. மக்களின் வாழ்முறையில் இருக்கும் அழகையும் உண்மையையும் கண்டுகொள்ளாத மதத்தால் பயனில்லை. பெண்களின் சடங்கில் முக்கியம் கத்தி அல்ல, மனதுக்குள் அது செய்யும் வேலை. அதை ஒரே நாளில் நிறுத்த முடியாது, பொறுமையும் கல்வியும் வேண்டும். அழகான சிந்தனை. ஆனால் இதே விஷயத்தை முதோனி, பள்ளிக்கூடம் போய்வந்த இவனுக்கு வெகு முன்பே, ஆற்றங்கரையில் ஒரு கேள்வியாகக் கேட்டுவிட்டாள். அதோடு தன் உடலைக் கொண்டு அதைச் சோதித்தும் பார்த்தாள். அவன் அவள் சாவிலிருந்து கற்றுக்கொண்டான். கற்றுக்கொடுத்தவள் செத்துப்போனாள்.

எனக்கு கூகியின் மீது ஒரு குறை உண்டு. நாவலின் ஆரம்பத்தில் மலையேறும்போது செகே மகனுக்கு ஒரு கதை சொல்கிறார். ஒரு காலத்தில் பெண்கள்தான் ஆண்டார்கள், எல்லாம் அவர்களுக்குச் சொந்தம். அவர்கள் கை கடுமையானது என்று ஆண்கள் கூடிப் பேசி, எல்லாப் பெண்களும் கர்ப்பமாக இருந்த சமயம் பார்த்து அவர்களைக் கவிழ்த்தார்கள். அம்மாவுக்கு ஏன் எதுவும் சொந்தமில்லை என்று சிறுவன் வையாகிக்கு அப்போதுதான் புரிகிறது. இவ்வளவு கூர்மையாக ஒரு விதையை ஊன்றியவர், பிறகு அதற்குத் தண்ணீர் விடவில்லை. சடங்கு வேண்டும் என்பதும் கூடாது என்பதும் பெண்ணுடலைப் பற்றிய பேச்சு. பேசுகிறவர்கள் முழுக்க ஆண்கள். லிவிங்ஸ்டன், ஜோஷுவா, செகே, கபோன்யி, வையாகி. மிரியாமு வாய் திறப்பதே அபூர்வம். சடங்கைக் காலங்காலமாகக் கையில் வைத்திருந்த மூத்த பெண்கள், கத்தி பிடித்தவர்கள், பாட்டுச் சொல்லிக்கொடுத்தவர்கள், அவர்களுடைய குரல் நாவலில் கேட்கவே இல்லை. உண்மையான வரலாற்றில் பெண்கள் இவ்வளவு மௌனமாக இருந்ததில்லை. 1956-இல் அண்டைப் பகுதியான மேருவில் பெரியவர்களின் அவை நிஜுரி ஞ்சேகே சடங்கைத் தடைசெய்தபோது, சிறுமிகள் தாங்களே கூட்டமாகப் போய் ஒருவருக்கொருவர் செய்துகொண்டார்கள். ஙைதானா என்று அவர்களுக்குப் பெயர்: என்னை நானே விருத்தசேதனம் செய்துகொள்வேன். மூன்று ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானோர்மேல் வழக்குப் பாய்ந்தது. அந்தச் சிறுமிகளை எண்ணும்போது நெஞ்சு பதறுகிறது. தங்கள் உடலைப் பற்றி ஆண்கள் முடிவெடுப்பதை எதிர்க்க அவர்களுக்குக் கிடைத்த ஒரே கருவி தங்கள் உடலைச் சிதைக்கும் கத்திதான்.

நியாம்புராவையும் சொல்ல வேண்டும். தங்கையின் சாவுக்குப் பிறகு அவளுக்கு அப்பாவின் கடவுள் போதவில்லை. அன்பில்லாத, வெறும் சட்டமாக மட்டும் நிற்கும் ஒரு விசுவாசம் அவளுக்கு மூச்சுமுட்டுகிறது. கியாமா ஆபத்து செய்யப்போகிறது என்று எச்சரிக்க வந்த வையாகியை ஜோஷுவா விரட்டும்போது, அப்பாவின் கண்முன்னே எழுந்து போய் அவன் கையைப் பிடிக்கிறாள். நாவலின் ஆகத் துணிவான செயல் என்று நான் அதைச் சொல்வேன். அதற்குப் பின் அவள் பேசுவதற்குப் பெரிதாக எதுவும் இல்லை. ஹோனியா கரையில் கூடிய கூட்டத்தின் முன் அவளைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். வையாகி அவளை மறுதலிக்க வேண்டும், மறுதலித்தால் பிழைப்பான். அவன் மறுக்கிறான். இருவரையும் கியாமாவின் கையில் ஒப்படைத்துவிட்டு, என்ன செய்தோம் என்று நினைத்துப்பார்க்கவும் கூசி, ஜனங்கள் கலைந்துபோகிறார்கள். பிலாத்து, பேதுரு, சிலுவை எல்லாம் அந்தக் காட்சிக்குள் இருக்கின்றன. முதலில் 'கறுப்பு மீட்பர்' என்ற தலைப்பில் எழுதப்பட்ட நாவல் அல்லவா. ஆனால் மீட்பருக்குப் பக்கத்தில் நின்ற பெண்ணிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை.

இதை எழுதியபோது கூகி மகரேரே பல்கலைக்கழகக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த இளைஞர். புத்தகத்தின் அட்டையில் இருந்த பெயர் ஜேம்ஸ் கூகி. அவருடைய வாழ்க்கையும் இந்த இரண்டு முகடுகளுக்கு நடுவில்தான் தொடங்கியது. 1938-இல் லிமுருவுக்கு அருகில் கமிரிதுவில் பிறந்து, முதலில் மிஷன் பள்ளியிலும் பிறகு மங்குவோவில் கரிஙா பள்ளியிலும் படித்தார். விடுதலைப் போராட்டத்தை ஒடுக்க 1952-இல் அவசரநிலை வந்ததும் தனிப்பள்ளிகளை அரசு மூடியது அல்லது தன் கைக்குள் கொண்டுவந்தது. கிதுங்குரிக் கல்லூரி இருந்த இடம் விடுதலைப் போராளிகளைத் தூக்கிலிடும் இடமாயிற்று. 1955-இல் அவர் சேர்ந்த அலையன்ஸ் உயர்நிலைப் பள்ளி மிஷன்கள் சேர்ந்து நடத்தியது. அங்கே அவர் தீவிரக் கிறிஸ்தவர். வையாகியின் பொறுமையும் கல்வியும் என்ற நம்பிக்கை அந்த இளைஞனுடைய நம்பிக்கை.

1970-இல் நைரோபியில் கிழக்கு ஆப்பிரிக்க பிரெஸ்பிடேரியன் சபையின் பொதுக்கூட்டத்தில் பேச அழைத்தபோது, நான் சபையைச் சேர்ந்தவன் இல்லை, நான் கிறிஸ்தவன்கூட இல்லை என்றுதான் தொடங்கினார். அந்தச் சபை டாக்டர் ஆர்தரின் ஸ்காட்லாந்து மிஷனின் வாரிசு என்பதை நினைத்துப்பார்த்தால் அந்த மேடையின் கனம் தெரியும். முதியவர் ஒருவர் எழுந்து கைத்தடியை ஆட்டி, உன் பெயரே ஜேம்ஸ் ஆயிற்றே என்று கடிந்துகொண்டாராம். அதன் பிறகு ஜேம்ஸ் போயிற்று. ஆனால் பைபிள் போகவில்லை. சிறையில் கழிப்பறைத் தாளில் கிகுயு மொழியில் அவர் எழுதிய 'சிலுவையில் தொங்கும் சாத்தான்' தலைப்பிலிருந்தே பைபிளின் மூச்சில்தான் ஓடுகிறது. 2025 மே மாதம் அவர் இறந்த பிறகு வந்த அஞ்சலிக் குறிப்புகள் மொழி அரசியலையே பேசின. சபையை விட்டவரை வேதத்தின் நடை விடவில்லை என்பதைப் பற்றியும் யாராவது விரிவாக எழுத வேண்டும்.

முதோனி கேட்டதற்கு நாவலுக்கு வெளியே ஒரு பதில் முளைத்தது. 1996-இல் கென்யா மலையின் கிழக்குச் சரிவில் தாராக்காவில், நிதானிரா நா முகாம்போ என்று ஒரு முயற்சியைத் தொடங்கினார்கள். சொற்களால் விருத்தசேதனம் என்று பொருள். உள்ளூர்த் தாய்மார்களும் மயெண்டெலேயோ யா வனவாகே என்ற பெண்கள் அமைப்பும் சேர்ந்து நடத்தியது. சிறுமிகள் சில நாள் தனித்திருப்பார்கள். மூத்த பெண்கள் உடலைப் பற்றியும் வாழ்க்கையைப் பற்றியும் கற்றுக்கொடுப்பார்கள். முடிவில் ஊர் கூடும், பாட்டும் ஆட்டமும் பரிசும் உண்டு. கத்தி மட்டும் இல்லை. இருவாவில் முதோனி அழகென்று கண்டதில் பெரும்பகுதி அப்படியே இருக்கிறது. எல்லா இடத்திலும் இது கைகூடவில்லை. சிறுமிகளை மட்டும் கூட்டிவைத்துச் சொல்லிக்கொடுத்து, அப்பாக்களையும் பாட்டிகளையும் பேச்சில் சேர்க்காத ஊர்களில், விழா முடிந்த பிறகு கத்தியும் வந்தது. 2011-இல் கென்யா இதற்கெதிராகக் கடுமையான சட்டம் இயற்றியது. 15 முதல் 49 வயதுப் பெண்களில் சடங்குக்கு உட்பட்டவர்கள் 1998 கணக்கெடுப்பில் 38 சதவீதம். 2022-இல் 15 சதவீதம். 1929-இல் ஒரு கைநாட்டில் முடிக்கப் பார்த்த வேலைக்கு இத்தனை காலம் பிடித்திருக்கிறது, இன்னும் மிச்சம் இருக்கிறது.

இப்போதெல்லாம் வகுப்பில் அந்த முரண்பாட்டுக் கேள்வியை நான் கொடுப்பதில்லை. முதோனியின் அத்தையாக இருந்து ஒரு பக்கம் எழுதச் சொல்கிறேன். வீட்டைவிட்டு வந்த அண்ணன் மகளைச் சேர்த்துக்கொண்டவள், சடங்குக்கு அனுப்பியவள், புண் ஆறாமல் அவள் காய்ச்சலில் கிடந்தபோது பக்கத்தில் இருந்திருக்கக்கூடியவள். நாவலில் அவளுக்கு ஒரு பெயர்கூட இருப்பதாக எனக்கு நினைவில்லை. மாணவிகள் எழுதுவதைப் படிக்கும்போது கூகி திறக்காமல் விட்ட கதவுகள் ஒவ்வொன்றாகத் தெரிகின்றன. பாதிக்குமேல் எழுதுவது அத்தையின் கோபத்தை: ஜோஷுவாவின்மேல், கத்தி பிடித்தவள்மேல், தன்மேல். யாரும் இதுவரை முதோனியின்மேல் கோபப்பட்டு எழுதியதில்லை.